மறு: ஸ்வாட்சுக்குத் தமிழ்ச்சொல் – ‘தெரிசில்லு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆந்திராவின் நகரியிலிருந்து எழுதுகிறேன். ‘ஸ்வாட்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று குழுவில் நடக்கும் பேச்சுக்கு இது என் பதில். சித்தப்பா வீட்டு விசைத்தறிச் சேலைகளுக்கு வூகாமர்ஸ் என்ற இணையக்கடை மென்பொருளில் ஒரு கடை போட்டிருக்கிறோம். நிறத்தைத் தேர்ந்தெடுக்க முதலில் கீழ்விரி பட்டியல்தான் இருந்தது. அரக்கு, மாந்தளிர் என்று வெறும் பெயரைப் படித்துவிட்டு யார் சேலை எடுப்பார்கள்? அதனால் ஒவ்வொரு நிறத்தையும் சிறு கட்டமாகக் காட்டி, தொட்டால் அந்தச் சேலையின் படம் வரும்படி ஒரு செருகுநிரல் (கடை மென்பொருளோடு இணைக்கும் துணை நிரல்) சேர்த்தேன். அதைத் தமிழாக்க உட்கார்ந்தபோதுதான் அந்தக் கட்டத்தைக் குறிக்கும் ‘ஸ்வாட்ச்’ என்ற சொல்லில் வந்து நின்றேன்.

நீங்கள் சொன்ன ‘வண்ணப்பொட்டு’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லா ஸ்வாட்சும் நிறம் அல்ல. மெஜெந்தோ என்ற இன்னொரு இணையக்கடை மென்பொருளில் காட்சி ஸ்வாட்ச், எழுத்து ஸ்வாட்ச் என்று இரண்டு வகை உண்டு. ரவிக்கை அளவு 36, 38 என்று எழுதிய கட்டமும் ஸ்வாட்ச்தான். நிறத்துக்கே கூடப் பொட்டு போதாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மயில்கழுத்துக்கு ஒரே நிறக்குறி கொடுத்து, பச்சை கலந்த நீலத்தில் ஒரு வட்டம் வைத்திருந்தேன். வாங்கிய ஒரு அம்மா, பார்த்த நிறம் வேறு, வந்த நிறம் வேறு என்று சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது நியாயம். பாவு நீலம், ஊடை பச்சை. மடிப்பு விழும் இடமெல்லாம் நிறம் மாறும். இப்போது துணியையே கிட்டத்தில் படமெடுத்துக் கட்டத்துக்குள் வைத்திருக்கிறேன். சித்தப்பா சொன்னபடி கீழே தமிழ்ப் பெயரோடு ‘நெமலி கண்டம்’ என்ற தெலுங்குப் பெயரும் இருக்கிறது. பெயர் கட்டாயம் வேண்டும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைக் கேட்டு வாங்குபவர்களும் பெயரை நம்பித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

குழுவில் வந்த அடுத்த சொல் ‘மாதிரி’. ஆங்கிலச் சொல்லும் துணியிலிருந்து வந்ததுதான். சாயத்துக்கு அனுப்பும் துணியோடு கட்டிய அடையாளச் சீட்டு, பின்னால் மாதிரித் துண்டுக்குப் பெயரானது. ஆனாலும் கடைப் பக்கத்தில் ‘மாதிரியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று போட்டால், சாம்பிள் அனுப்பப்போகிறார்கள் என்றே நினைப்பார்கள். எங்கள் பக்கம் தெலுங்கில் வழங்கும் ‘நமூனா’வுக்கும் இதே சிக்கல்.

‘தெரிவு வில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வில்லை எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் ‘தெரிவு’ என்பதைத் ‘தெரி’ என்று சுருக்கிச் சேர்த்து எழுதினால் ‘தெரிவில்லை’ ஆகிவிடுகிறது. தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை என்று படிக்க வைக்கும். கடைக்கு அது ஆகவே ஆகாது.

அப்புறம் தோன்றியதுதான் தெரிசில்லு. தெரிதல் என்றால் கண்ணுக்குப் படுவது, தேர்ந்தெடுப்பது இரண்டும்தான். இந்தக் கட்டம் செய்கிற வேலையும் அந்த இரண்டே. சில்லு, பாண்டி ஆட எடுக்கும் ஓட்டுச்சில்லு மாதிரி சின்னதாக, தட்டையாக இருக்கும் துண்டு. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. ‘தெரிச்சில்லு’ என்று எழுத வேண்டாம். கணினிச் சில்லோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். முன்னால் ‘தெரி’ நிற்கும்போது குழம்பாது என்றே நினைக்கிறேன்.

வரிகளில் வைத்தும் பார்த்தேன்: ‘ஒரு தெரிசில்லைத் தொடுங்கள்’, ‘தெரிசில்லின் வடிவம்: வட்டம், சதுரம்’, ‘இருப்பு இல்லாத தெரிசில்லுகளை மங்கலாக்கு’. எங்களிடம் பார்சல் கட்டும் அக்கா தெலுங்கு வழியில் படித்தவர், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். முதல் வரியைப் படித்ததும், எதையும் கேட்காமல் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

ஓரிடத்தில் மட்டும் எனக்கு நிறைவில்லை. அளவு எழுதிய கட்டத்துக்கு ‘எழுத்துத் தெரிசில்லு’ என்பது நீளம். கைபேசியில் இரண்டு வரியாக உடைகிறது. சுருக்கமாக ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று இரவு மொழிபெயர்ப்புக் கோப்பை ஏற்றுகிறேன்.