எம்12 மரைக்கு ராடை எத்தனைக்குக் கடையணும்?

புதுலேத்:
அண்ணன்மாரே, 12 எம்எம் பிரைட் பார்ல எம்12 × 1.75 மரை (12 எம்எம் விட்டம், பல்லுக்குப் பல் தூரம், அதாவது பிட்ச், 1.75) போடறேன். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தான். பார் மைக்ரோமீட்டர்ல 11.98 காட்டுச்சு, சரியாத்தானே இருக்குன்னு மேல கடையாமலே மரை டூலை வெச்சுட்டேன். டூல் 60 டிகிரி, நுனியைக் கல்லுல லேசா உருட்டியிருக்கேன். 1.07 ஆழம் போயும் நட்டு ரெண்டு சுத்து கூட ஏறலை. இன்னும் 0.15 உள்ள விட்டேன், ஏறிடுச்சு. ஆனா லொடலொடன்னு ஆடுது, பல்லு முனையெல்லாம் கையைக் கிழிக்குது. 40 பீஸ் ஆர்டர், 6 வீணாப்போச்சு. ராடு தப்பா, டூல் தப்பா?

பழையபட்டறை:
தம்பி, நட்டு ஏறாத பீஸ் ஒண்ணு கையில இருக்கா? மரை மேல மைக்ரோமீட்டர் வெச்சுப் பாருங்க.

புதுலேத்:
12.07 அண்ணே! 11.98 பார் எப்படிப் பெருத்துச்சு?

பழையபட்டறை:
எம்.எஸ். மெத்துன இரும்பு. டூல் ரெண்டு பக்கமும் அமுக்கும்போது முனை மேல பிதுங்கும், டூல் மழுங்கியிருந்தா இன்னும் அதிகம். நட்டுல அடிப்பள்ளத்து விட்டம் 12-லயே தொடங்கலாம், அப்ப 12.07 எங்க போகும்? சாதாரண 6ஜி மரைக்கு (போல்ட்டுக்கு வழக்கமா வெக்கற அளவு வகுப்பு) வெளிவிட்டம் 11.70-க்கும் 11.96-க்கும் நடுவுல இருக்கணும். உங்க பார் ஆரம்பத்துலயே மேல நிக்குது. ஆழத்தைக் கூட்டினதுல பல்லுதான் மெலிஞ்சுது, அதான் ஆட்டம், அதான் கத்தி முனை.

நான் 30 வருஷமா வெச்சிருக்கற கணக்கு: பிட்ச்சுல பத்துல ஒரு பங்கை விட்டத்துல கழிச்சுடுங்க. எம்12-க்கு 11.82, எம்10-க்கு 9.85, எம்16-க்கு 15.8. ராடு குறைஞ்சதால ஆழமும் 1.07 வேண்டாம், 0.98 கிட்டயே நட்டை வெச்சுப் பாக்க ஆரம்பிங்க.

ஷிப்ட்மூணு:
அண்ணன் சொன்னது வெட்டுற மரைக்கு. ரோலிங்ல (வெட்டாம அழுத்தி உருட்டி) போடறதா இருந்தா ராடு 10.8 கிட்ட இருக்கணும், அங்க இரும்பு பிதுங்கித்தான் மரையே வருது. கடை போல்ட்டு சிலதுல தண்டு மரையை விடச் சன்னமா இருக்கறது அதனாலதான்.

ஆமா, பிளேட்டிங் உண்டா?

புதுலேத்:
ஜிங்க், 8 மைக்ரான் (0.008 எம்எம்).

ஷிப்ட்மூணு:
அப்ப கவனம். 60 டிகிரி பல்லுல பூச்சு கனத்தைப் போல நாலு மடங்கு பிட்ச் விட்டம் (பல்லும் பள்ளமும் சம அகலமா இருக்கற இடத்து விட்டம்) கூடும், அதாவது 32 மைக்ரான். 6ஜி-யில விட்டிருக்கற இடைவெளியே 34. நட்டு இறுக்கமா ஏறுற பீஸ் பிளேட்டிங் முடிஞ்சு வந்தா ஏறாது. விரலால தானா ஓடணும்.

புதுலேத்:
11.82-க்குக் கடைஞ்சு, ராடோட முனையைச் சாய்ச்சு, டூலையும் தீட்டிட்டுப் போட்டேன். மரை மேல 11.88. ஒருதடவை ஃபைல் காட்டினதும் நட்டு விரலாலயே கடைசி வரைக்கும் ஓடுது, ஆட்டம் இல்லை. ரொம்ப நன்றிண்ணே. இந்த ஒண்ணு போக மீதி 39-ஐ நாளைக்குக் காலையில தொடங்கறேன்.