மாடிஃபைட் காருக்குத் தமிழ்ச்சொல்: ‘ஒட்டுக்கார்’ சரிவருமா?

> “மாற்றியமைக்கப்பட்ட அழுக்குப் பாதை மகிழுந்து ஓட்டுநர்” என்றே போட்டுவிடலாமே?

வேண்டாம் ஐயா. அமெரிக்கக் கார்ப் பந்தய வீரர் ப்ரெட் ஹேர்ன் பற்றிய என் கட்டுரையில் ‘டர்ட் மாடிஃபைட்’ (மண்ணில் ஓடும் ஒரு பந்தயக் கார் வகை) என்ற சொல் பத்திக்குப் பத்தி வருகிறது. மனிதர் 900 பந்தயங்களுக்கு மேல் ஜெயித்தவர். ஒவ்வொரு தடவையும் இவ்வளவு நீளத்துக்கு எழுதினால் படிப்பவர் பாதியில் எழுந்து போய்விடுவார்.

முதலில் ‘டர்ட்’. அழுக்கு துணியில் இருப்பது, அதை விட்டுவிடுவோம். ‘புழுதி’யும் பொருந்தாது. தடத்தில் புழுதி பறந்தால் பராமரிப்பு மோசம் என்று அர்த்தம். பந்தயத்துக்கு முன் தண்ணீர் லாரி விட்டு நனைத்து, வண்டிகளை ஓட்டியே மண்ணை இறுக்குவார்கள். இரவு ஏற ஏற ஈரம் வற்றி, தேய்ந்த திண்ணைபோல் வழுவழுப்பாகிவிடும். நியூயார்க் மாநிலத்து மிடில்டவுனில் ஹேர்ன் கொடிகட்டிப் பறந்த ஆரஞ்ச் கவுண்டி தடத்துக்கு ‘ஹார்ட் க்ளே’ (கெட்டிக் களிமண்) என்றே பட்டப்பெயர். அதனால் ‘களித்தடம்’ என்று எழுத ஆசைப்பட்டேன். திருவாதிரை ஞாபகம் வந்தது, அழித்துவிட்டேன்.

‘மண்பாதை’யிலும் ஒரு சிக்கல். நமக்கு அது தார் போடாத ரோடு. இந்தக் கார்களுக்கான பெரிய போட்டியான சூப்பர் டர்ட் வீக் 2015 வரை அதே மாநிலத்துச் சிரக்யூஸில் ஒரு மைல் நீள மண்தடத்தில் நடந்தது. 2016இல் ஆஸ்விகோ என்ற ஊருக்கு மாறியது. அங்கே இருப்பது தார்த் தடம். அதன்மேல் லாரி லாரியாகக் களிமண்ணைக் கொட்டிப் பந்தயம் விட்டார்கள். அடியில் தார் இருக்கும்போது அதை மண்பாதை என்று எப்படிச் சொல்வது? ‘மண்தடம்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

இனி ‘மாடிஃபைட்’. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய கூப்பே (இரண்டு கதவு) கார்களின் மட்கார்டைக் கழற்றி எறிந்து, பெரிய எஞ்சினை ஏற்றி ஓட்டினார்கள். பெயர் அப்போது வந்தது. எழுபதுகளில் பின்டோ, கிரெம்லின் போன்ற சின்னக் கார்களின் மேல்கூடுகளை மாட்டினார்கள். 1980இல் கேரி பலோ என்ற வீரர் லிங்கன் கார் வடிவக் கூடு போட்ட ஒரு வண்டியில் வந்து சிரக்யூஸில் எல்லாரையும் துடைத்துவிட்டுப் போனார். காற்றே அழுத்தித் தரையோடு பிடித்துவைக்கும் அமைப்பு அது. பிறகு விதியை மாற்றி அந்த வழியை அடைத்தார்கள். இன்றைய வண்டியோ எந்தக் காரிலிருந்தும் மாற்றியதல்ல. குழாய்ச் சட்டம், மேலே தகடு, நான்கு சக்கரமும் வெளியே, ஓட்டுபவர் கிட்டத்தட்ட நடுவில். பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கிறது.

பெயர் பொய்யாகிவிட்டதே என்று கவலைப்படவேண்டாம். எள்ளின் நெய்தான் எண்ணெய். நாம் தேங்காய் எண்ணெய் என்கிறோம், யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஆகவே தொடக்க காலத்தை வைத்தே, ஒட்டுமாங்கன்று மாதிரி ‘ஒட்டுக்கார்’ என்கிறேன்.

———

ஐயா, திருத்திய ஊர்தி என்ற பொருளில் ‘திருத்தூர்தி’ என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் சுவாமி புறப்பாடு கண்முன் வந்தது, ஆகவே அது வேண்டாம். உங்கள் ஒட்டுமாங்கன்று பிடித்திருக்கிறது. ஆனால் வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள். ‘ஒட்டுக்காரை’ என்றால் சுவரிலிருந்து பெயர்ந்த காரை. ‘ஒட்டுக்காரர்’ என்றால் யாரோ பசை விற்பவர். ‘ஒட்டுக்கார் ஓட்டுநர்’ என்று வானொலியில் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள், நாக்கு முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

ஒர்க்‌ஷாப்பில் காரை யாரும் கார் என்பதில்லை. “வண்டியை விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் பாக்கலாம்” என்பார்கள். ‘ஒட்டுவண்டி’ என்று வைத்தால் என்ன? ஓட்டுநருக்குப் பதில் வீரர்.

———

காரையை நான் யோசிக்கவே இல்லை அம்மா. ஒட்டுவண்டி நன்றாக உருள்கிறது. ஒட்டுவண்டியை, ஒட்டுவண்டிக்கு, எங்கும் இடறவில்லை. முதல் வரியை இப்படி மாற்றிவிட்டேன்:

“நியூஜெர்சிக்காரரான ப்ரெட் ஹேர்ன், அமெரிக்க மண்தட ஒட்டுவண்டிப் பந்தய வீரர்.”

வளைவில் இடப்பக்கம் திரும்ப ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, பின்பக்கத்தை வெளியே தள்ளிக்கொண்டு போகிறார்களே, அதற்குச் ‘சறுக்கல்’ என்று போட்டிருக்கிறேன். தவறி விழுந்ததுபோல் இருக்கிறது. வேண்டுமென்றே செய்வது அது. ‘வால்வீச்சு’ எப்படி?