தாயாரின் எம்.ஆர்.சி.பி. பரிசோதனை: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்
குழுவினர் அனைவருக்கும் வணக்கம். முன்பே பித்தப்பை அகற்றப்பட்ட என் தாயாருக்கு அண்மையில் மஞ்சள் காமாலை தோன்றியதையடுத்து எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், பொதுப் பித்தநாளம் (கல்லீரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) 12 மி.மீ. அளவுக்கு விரிந்திருப்பது தெரிந்தது. ஆனால் அதன் கீழ்ப்பகுதியைக் குடல் வாயு மறைத்துவிட்டதால், அடைப்புக்குக் காரணம் கல்லா, வேறெதுவுமா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. எனவே மருத்துவர் எம்.ஆர்.சி.பி. (பித்த, கணைய நாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

நாளத்திலுள்ள பித்தநீரே படத்தில் வெண்மையாகத் தெரியும் என்பதால் பொதுவாக ஊசிவழிச் சாயமருந்து தேவையில்லை என்றும், கல் இருந்தால் அந்த வெண்மைக்குள் கருமையாகத் தெரியும் என்றும் அவர் விளக்கினார். வாய்வழியே குழாய் செலுத்தும் இ.ஆர்.சி.பி.யில் கல்லை அப்போதே எடுத்துவிடலாமே என்று கேட்டதற்கு, அது சிலருக்குக் கணைய அழற்சியை உண்டாக்கக்கூடும் என்பதால் தேவை உறுதியான பின்பே செய்வது நல்லது என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

என் தயக்கம் வேறு. அம்மாவுக்குக் குறுகிய இடமென்றாலே அச்சம், செவித்திறனும் குறைவு. இயந்திரத்தின் இரைச்சலுக்கிடையே, சொல்லும்போதெல்லாம் பதினைந்து, இருபது விநாடிகள் மூச்சை அடக்க அவரால் முடியுமா என்பது ஐயமே. மூச்சின் போக்கை உணர்ந்து தானே படமெடுக்கும் முறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் இப்பரிசோதனையைச் செய்துகொண்டதுண்டா? லேசான மயக்கமருந்து கொடுத்தார்களா? மிகச் சிறிய கற்கள் இதில் தப்பிவிடக்கூடும் என்பதால், அடுத்து உள்நோக்கி அல்ட்ராசவுண்ட் (வாய்வழியே செலுத்தும் குழாயின் நுனியிலிருந்து எடுக்கும் ஸ்கேன்) செய்யும்படி யாருக்கேனும் கூறப்பட்டிருந்தால் அதையும் தெரிவியுங்கள். மதுரைப் பகுதியினரின் அனுபவம் எங்களுக்கு மிகவும் பயன்படும்.