வேகம் இருந்தும் அடி வாங்கிய கதை உங்களுக்கும் உண்டா?

கருப்புக்கு_ரெண்டு_பாக்கி

ரெண்டு மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன்.

தற்காப்புக் கலை கிளாஸ். பெல்ட் டெஸ்டுக்கு முந்தைய வாரம், ஸ்பாரிங் (ஜோடி சேர்ந்து மோதிப் பழகுவது). எதிரே நின்றவர் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், வேறு கிளாஸிலிருந்து வந்திருந்தார், ஒரு முழங்காலில் உறை. அவர் பேடில் (அடித்துப் பழகும் மெத்தை) அடித்ததை ஓரக்கண்ணால் பார்த்திருந்தேன். சொல்லிக்கொள்ளும்படி வேகம் இல்லை. பெரியவர், பார்த்துப் பதமாக ஆடுவோம் என்று நினைத்தேன். (திமிர்தான்.)

என் முதல் ரவுண்ட் கிக் (பக்கவாட்டில் சுழற்றி உதைப்பது). என் கால் தரையை விட்டுக் கிளம்பியதும் கிளம்பாததுமாக அவர் உள்ளே வந்துவிட்டார். உள்ளங்கை என் நெஞ்சில். அடி இல்லை, கதவைச் சாத்துகிற மாதிரி சும்மா வைத்தார். ஒற்றைக்காலில் நின்ற நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் தடவையும் அதே கை, அதே இடம். ஐந்தாவது தடவையும்.

முடிந்ததும் கேட்டேன், எப்படி சார் தெரியுது என்று. "கிக் வர்றதுக்கு முன்னாடி உங்க இடது தோள் இறங்குது தம்பி" என்றார். அவ்வளவுதான், தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்று இரவே போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் இறங்குகிறது. மூன்று வருடம் ஸ்குவாட், ஸ்கிப்பிங், ஸ்பிரின்ட் என்று சேர்த்த வேகமெல்லாம் அந்தத் தோள் இறங்கின பிறகுதான் ஆரம்பிக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது?

மேட்டில்_விழுந்தவன்

உங்களையாவது கை வைத்து உட்கார வைத்தார்கள். என்னை யாரும் தள்ளவே இல்லை.

ஜூடோ. எனக்கு பேலன்ஸ் விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் ஒரு நிமிடம் நிற்பேன். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்; கண் போய்விட்டால் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பையும் உள்ளங்கால், கணுக்கால் சொல்லும் சேதியையும் மட்டும் நம்பித்தான் நிற்க வேண்டும். அன்றைக்கு ரண்டோரியில் (ஜூடோவில் ஜோடியாகப் பிடித்து மோதும் பயிற்சி) எதிரே என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு பெண், பிரவுன் பெல்ட். என் காலரைப் பிடித்தபடி பின்னால் நடந்தார், நானும் கூடவே நடந்தேன். மூன்றாவது அடி. வலது பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது, உடம்பு எடை பாதி அதில் இறங்கிவிட்டது, பாதி இறங்கவில்லை. அந்த இடைவெளியில் அவருடைய உள்ளங்கால் வந்து என் கணுக்காலைத் துடைப்பம் மாதிரி பெருக்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது கூரை.

டே-ஆஷி-பராய், முன்னால் வைக்கிற காலைப் பெருக்கி வீழ்த்தும் பிடி. தேர்வில் எழுதியே காட்டியிருக்கிறேன். ஜூடோவை 1882-ல் கானோ ஜிகோரோ தொடங்கினார், குஸுஷிக்கு (எதிராளியின் நிலையைக் குலைப்பது) எட்டுத் திசை என்று எல்லாவற்றையும் ஒப்பிப்பேன். நின்றால் என்னை அசைப்பது கஷ்டம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் நான் அப்போது நடந்துகொண்டிருந்தேனே! இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது அந்த மூன்றாவது அடி ஞாபகத்துக்கு வருகிறது.

லேடர்_ராணி

என்னுடையது சின்னது. எங்கள் கிளாஸில் அஜிலிட்டி லேடரில் (தரையில் விரித்துக் கட்டம் கட்டமாகக் கால் வைத்துப் பழகும் ஏணி) என்னை மிஞ்ச ஆள் கிடையாது, பேரைப் பார்த்தாலே தெரியும். உள்ளே, வெளியே, குறுக்கே, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போவேன். கராத்தே போட்டி. எதிராளி முன்கையை லேசாக நீட்டினாள், அவ்வளவுதான். என் இரண்டு குதிகாலும் பாயில் ஒட்டிக்கொண்டன. பெவிகால் போட்ட மாதிரி. கன்னத்தில் கால் பட்டதே தெரியவில்லை, ரெஃப்ரி மூன்று பாயிண்ட் காட்டியதுதான் தெரிந்தது. அந்த ஏணியை அன்றே சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். வீண் செலவு, யாரும் வாங்காதீர்கள்.

பழைய_விசில்

ராணி, ஏணி என்ன பாவம் செய்தது? கட்டத்தில் எந்தக் கால் எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். எதிராளி அப்படிச் சொல்லிவிட்டா வருவாள்? கால் ஒழுங்குக்கு, உடம்பைச் சூடாக்க ஏணி நல்லதுதான். திசை மாற்றுவது வேறு, எதையோ பார்த்துத் திசை மாற்றுவது வேறு.

என் அனுபவம்: இருபது வருடத்துக்கு முன் கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு கிக் பழகி முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். காற்றில் உதைத்துக் கால் நீளும் கடைசி நொடியில் அந்த எடை முழுவதையும் மூட்டுதான் பிடித்து நிறுத்த வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி.

இதைப் படிக்கிற பிள்ளைகள் கேளுங்கள். வேகப் பயிற்சியைக் கிளாஸ் கடைசியில், நாக்குத் தள்ளிய பிறகு செய்யாதீர்கள். உடம்பைச் சூடாக்கியதும் முதலில் செய்யுங்கள். தசையில் உடனடிச் செலவுக்கு இருக்கிற கிரியேட்டின் பாஸ்பேட், முழு மூச்சாக உழைத்தால் பத்து நொடியில் பெரும்பாலும் காலி. திரும்ப நிறைய 2, 3 நிமிடமாவது ஆகும். ஆகவே ஐந்தாறு கிக் உச்ச வேகத்தில், பிறகு நன்றாக ஓய்வு, அப்புறம் மறுபடியும். ஓய்வெடுத்தால் சோம்பேறி என்று நினைத்து ஐம்பது கிக் இடைவிடாமல் போடுகிறீர்கள்; அதில் தம் வளரும், வேகம் வளராது. குதிக்கும் பயிற்சிக்கு முன் இறங்கப் பழகுங்கள். இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், மடிந்தால் இன்னும் குதிக்க நேரம் வரவில்லை. ரவுண்ட் கிக்கில் ஊன்றிய காலின் குதிகால் எதிராளி பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் இடுப்பும் திறக்காது, முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். அடுத்து, விசிலுக்குக் கிளம்பிப் பழகியவர்கள் விசிலுக்குத்தான் கிளம்புவார்கள். சத்தத்துக்கு நாம் கண்ணால் பார்ப்பதைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே அசைவோம், அதை நம்பி ஏமாறக் கூடாது. கூட்டாளியைப் பார்த்துக் கிளம்பிப் பழகுங்கள்: அவர் தோளை அசைத்தால் இடப்பக்கம், இடுப்பை அசைத்தால் வலப்பக்கம், ஒன்றும் செய்யாவிட்டால் நீங்களும் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். தூக்கமும் முக்கியம், அதைத் தனியாக எழுதுகிறேன்.

கருப்புக்கு_ரெண்டு_பாக்கி

அண்ணா, வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று நான் கேட்கவே இல்லையே. 🙂 ஆனாலும் அந்தக் குதிகால் விஷயத்தைக் குறித்துக்கொண்டேன்.

லேடர்_ராணி

@பழைய_விசில் இதையெல்லாம் அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் ஏணி வாங்கின காசு மிச்சம். உங்களை மாதிரி ஒருவர்தான் அதை வாங்கச் சொன்னார். கையில் விசிலும் இருந்தது.

கம்பு_சுற்றி

நான் சிலம்பம். இங்கே எல்லாரும் காலையே பேசுகிறீர்கள், என் பிரச்சினை பிடி.

ஜோடி சேர்ந்து கம்பு போடும்போது வேகம் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவேன். கம்பு 'விர்' என்று சத்தம் போடும், எனக்கே பெருமையாக இருக்கும். ஒரு நாள் ஆசான் எதிரே வராமல் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு விரலை என் தோள்பட்டையில் வைத்தார். கல் மாதிரி இருந்ததாம். "இது எதுக்கு வேலை செய்யுது?" என்று கேட்டார். பதில் இல்லை. நீட்டுகிற தசையும் மடக்குகிற தசையும் ஒரே நேரத்தில் இழுத்தால் கை எப்படிப் போகும்? ஒரு காலால் ஆக்ஸிலேட்டர், மறு காலால் பிரேக்.

பிடியைத் தளர்த்தினேன், கம்பு கையை விட்டுப் பறந்து சுவரில் மோதியது. மறுபடி இறுக்கினேன், மறுபடி விரல் வந்தது. பட்டுக்கொள்கிற அந்த ஒரு நொடி மட்டும் இறுக வேண்டும், மற்ற நேரமெல்லாம் கம்பு தன் எடையில் போக வேண்டும் என்கிறார். வாயால் சொல்லிவிடலாம். ஒன்றரை வருடம் ஆகிறது, சுற்றும்போது இன்னும் அந்த விரல் தோளில் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

@மேட்டில்_விழுந்தவன், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

கருப்புக்கு_ரெண்டு_பாக்கி

ஒரு செய்தி. நேற்று அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். இந்த ரெண்டு மாதமும் கண்ணாடி முன்னால் நின்று தோளைச் சரி பண்ணியிருக்கிறேன், வீடியோவில் அசைவே இல்லை. தைரியமாகக் கிக்கைத் தூக்கினேன்.

நெஞ்சில் கை.

"தோள் நல்லாயிருக்கு தம்பி. இப்ப மூச்சை நிறுத்துறீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து வீடியோ எடுத்துப் பார்த்தேன். மூச்சு அதில் தெரியவில்லை.