வேலையை விட்டுட்டுக் கேமராவோட இறங்கலாமுங்களா?

ஊத்துக்குளி வெண்ணெய்:

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (பையர் ஆர்டரைக் கவனித்து முடித்துக்கொடுக்கிற வேலை) இருக்கிறேன். ஞாயிறு விடிந்தால் பறவைப் படம் எடுக்க நஞ்சராயன் குளம்தான். கூழைக்கடா, சங்குவளை நாரை, குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்து என்று எடுத்துப் போட்டதில் இன்ஸ்டாவில் ஓரளவு பேர் கிடைத்திருக்கிறது. பெரியப்பா மகன் கல்யாணத்தில் சும்மா நின்று எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, ரெண்டு குடும்பத்தில் தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிட்டார்கள். அதிலிருந்து வேலையை விட்டுவிடலாமா என்று ஒரே யோசனை. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா பாடி, தூரத்தில் இருப்பதை எடுக்க 70-200 லென்ஸ், ட்ரோன் எல்லாம் லோனில் எடுக்கலாம் என்று இருக்கிறேன். அப்பாவோ, "எல்லாரும் போன்லயே எடுக்கறாங்க, உனக்கு எவன்டா காசு குடுப்பான்?" என்கிறார். தொழிலில் இருக்கிறவர்கள் சொல்லுங்க.

கோபி ஸ்டூடியோக்காரர்:

தம்பி, அப்பா கேட்டது நியாயமான கேள்வி, அவரைக் கோவிச்சுக்காதீங்க. ஃபிலிம் காலத்திலிருந்து கோபியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ரோலுக்கு 36 படம். தாலி கட்டுகிற நேரத்தில் ரோல் தீர்ந்தால் மானம் போய்விடும் என்று, பாதி மிச்சம் இருந்தாலும் சுற்றி எடுத்துவிட்டுப் புதுசு மாட்டிக்கொண்டு நிற்போம். ஆனால் கடை வாடகை கட்டியது கல்யாணம் இல்லைங்க, பாஸ்போர்ட் சைஸ் படம். அது போனதுக்கு செல்போனை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆதார் எடுக்கும் இடத்தில் அவர்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள், பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலும் அப்படித்தான். டிஜிட்டல் கேமராவை 1975-லேயே கோடாக்கில் ஸ்டீவ் சாசன் என்கிற இன்ஜினியர் செய்துகாட்டிவிட்டார். 0.01 மெகாபிக்சல், ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி! அந்தக் கோடாக்கே 2012-ல் திவால் மனு போட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்ட நாங்கள் எம்மாத்திரம்?

சரி, இப்போது யாருக்குக் காசு கொடுக்கிறார்கள்? திரும்ப நடத்த முடியாத ஒன்றைத் தவற விடாமல் எடுத்துத் தருகிறவனுக்கு. நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்கிற சடங்கு தெரியுமில்ல? மாப்பிள்ளையோட அக்காவோ தங்கச்சியோதான் அதில் நாயகி. போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கிற வெளியூர் கேண்டிட் டீம் ஒன்று, பொண்ணு அலங்காரத்தை ரீல்ஸ் எடுக்க மாடிக்குப் போய்விட்டது. கீழே சடங்கை நடத்திவைக்கிற அருமைக்காரர் சீரை ஆரம்பித்துவிட்டார். பேழைமூடி என்கிற சீர்க்கூடையோடு மாப்பிள்ளையோட அக்கா வந்து நிற்கிறாங்க, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு, எதிரே நின்றது எங்க கடைப் பையன் ஒருத்தன்தான். ஆல்பம் கைக்குப் போனதும் அந்த வீட்டில் முதலில் தேடியது அந்தப் பக்கத்தைத்தான். எந்தச் சீர் எப்போது, யார் எந்தப் பக்கம் நிற்பார்கள், மங்கல வாழ்த்துப் பாட்டு எந்த இடத்தில் முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சீசன் யாரிடமாவது உதவியாளாகப் போங்க. ஆல்பம் பெட்டி தூக்கினாலும் தப்பில்லை.

லோன் விஷயம்தான் எனக்குப் பயமாக இருக்கு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, ஈஎம்ஐ உண்டு. 70-200 லென்ஸைக் கோயமுத்தூரில் நாள் வாடகைக்கே தருகிறார்கள், எதுக்கு இப்போதே வாங்கணும்? செலவு செய்தே ஆகணும் என்றால், ரெண்டு மெமரி கார்டு போடுகிற பாடியாக, செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் சரி, அதை வாங்குங்க. ஒவ்வொரு படமும் ரெண்டு கார்டிலும் விழட்டும். மண்டபத்தில் எல்இடி வால் (பெரிய எல்இடி திரை) இருந்தால் சத்தமில்லாமல் எடுக்கிற எலக்ட்ரானிக் ஷட்டரை நம்பாதீங்க, படம் கோடு கோடாக வரும். சாதாரண டியூப் லைட், எல்இடி பல்புக்கு நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டில் 1/50, 1/100 விநாடி ஷட்டர் வேகம் தோதுப்படும்.

ட்ரோனை இப்போதைக்கு மறந்துருங்க. 2021 விதிப்படி 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைக் காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேணும். போதாக்குறைக்கு சூலூரில் விமானப்படைத் தளம், பீளமேட்டில் விமான நிலையம். எங்கே பறக்கவிடலாம் என்கிற மேப்பைப் பார்க்காமல் பறக்கவிட்டு ஸ்டேஷனில் உட்காராதீங்க.

இன்னொன்று, இது நிறையப் பேருக்குத் தெரியாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருத்தர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தது நாம்தானே என்று பொண்ணு படத்தைக் கேட்காமல் இன்ஸ்டாவில் போட்டால் வம்பு. அட்வான்ஸ் ரசீதிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க.

பனியன் அக்கா:

தம்பி, அண்ணன் கல்யாணத்தைப் பற்றியே சொல்லிட்டாரு. நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு கேட்லாக் எடுக்கிறேன். உன் வேலையே உனக்கு மூலதனம், அதை நீ கவனிக்கவே இல்லை. லேப் டிப் (சாயமிட்ட மாதிரித் துணி) வந்தால் கலர் மேட்சிங் பாக்ஸில் வைத்து டி65 என்கிற பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, டிஎல்84 என்கிற கடை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பாய் இல்ல? ஒரு லைட்டில் ஒத்துப்போன ஷேடு இன்னொரு லைட்டில் ஏன் மாறுது என்று உனக்குத் தெரியும். இந்த வேலைக்கு வருகிற பசங்களுக்கு நான் மாசக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். நேவியும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் திணறிப்போவார்கள். ஃப்ளோரசன்ட் பிங்க் எந்தக் கேமராவிலும் அப்படியே விழாது, அதைப் பையரிடம் முன்கூட்டியே சொல்லும் தைரியமும் வேணும்.

வேலை பார்க்க அழகாக இருக்காது. துணியை ஸ்டீம் பண்ணணும், நூல் பிசிறைப் பொறுக்கணும், பொம்மைக்கு மாட்டி எடுத்துவிட்டுக் பொம்மை தெரியாதபடி கழுத்து உள்பக்கத்தைத் தனியாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டணும். அமேசானுக்கு என்றால் முதல் படத்தில் பின்னணி சுத்த வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. பிரேமில் 85 சதவீதம் துணி இருக்கணும். பொழுதுக்கும் அதையே திரும்பத் திரும்பச் செய்யணும். ஆனால் ஆடி மாசமும் வேலை வரும். இப்போது மாடலுக்குத் துணி மாட்டுவதை ஏஐ செய்கிறது, அதில் எனக்கும் கொஞ்சம் ஆர்டர் போய்விட்டது. அதுக்கும் ஷேடு சரியான ஒரு படத்தை யாராவது எடுத்துக் கொடுத்தாகணும். வேலையை விடாமல் சனிக்கிழமை சாயந்திரம் வந்து பாரு.

ஆனைமலை வாத்தியார்:

நான் காசுக்கு எடுப்பதில்லை, அதனால் ஒன்றே ஒன்று. தொழிலுக்கு எதை வேண்டுமானாலும் எடுங்க, குளத்தை விட்டுராதீங்க. நஞ்சராயன் 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலுக்கு வந்துவிட்டது. உங்கள் படத்தைத் தேதியோடு இ-பேர்டு என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் அது பதிவாக நிற்கும். தை பிறந்தால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கு, வந்து சேர்ந்துக்கோங்க. கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்த படம் மட்டும் எவ்வளவு லைக் வந்தாலும் வேண்டாம்.

ஊத்துக்குளி வெண்ணெய்:

ரொம்ப நன்றிங்க. லோன் பேப்பரை இப்போதைக்கு வேண்டாம் என்று ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். அக்கா, இந்தச் சனிக்கிழமையே வருகிறேன். கோபி அண்ணா, ஒரு சந்தேகம். கூப்பிட்ட ரெண்டு குடும்பத்தில் ஒருத்தர், எடுக்கிற படம் எல்லாத்தையும் ரா ஃபைலாக, அதாவது கேமராவில் பதிந்த மூலக் கோப்பாகவே, ஹார்டு டிஸ்கில் போட்டுக் கேட்கிறார். கொடுக்கலாமுங்களா?

கோபி ஸ்டூடியோக்காரர்:

ராவாகக் கொடுக்காதீங்க. அதுக்கான சாஃப்ட்வேர் இல்லாவிட்டால் அவருடைய கம்ப்யூட்டரில் திறக்காது, அப்புறம் படமே வரலை என்று ராத்திரி போன் வரும். கண்ணை மூடினது, அசைந்தது எல்லாம் கழித்துவிட்டு ஜேபெக்காகக் கொடுங்க, ஹார்டு டிஸ்க் அவர் வாங்கித் தரட்டும். உங்களிடம் எத்தனை மாசம் காப்பி இருக்கும் என்பதையும் அதே ரசீதில் எழுதிருங்க. எங்க கடையில் ஆல்பம் கொடுத்ததிலிருந்து ஆறு மாசம்.