சந்தா பாக்கி: ஓர் அனுபவப் பகிர்வு

மில்காரர் மகன்

மதத்தைச் சொல்லி மறுக்கப்பட்ட அனுபவம் இருந்தால் எழுதச் சொன்னீர்கள். எல்லாரும் வீடு, வேலை, பந்தி என்று எழுதிவிட்டீர்கள். நான் குழியைப் பற்றி எழுதுகிறேன். கபர்க்குழி.

அத்தா மதுரை ஹார்வி மில்லில் முப்பத்தோரு வருசம். செங்கொடிச் சங்கம். பெருநாள் தொழுகைக்குக்கூடப் பள்ளிவாசல் பக்கம் போனதில்லை. ஆனால் பெருநாள் காலையில் எங்களுக்குத் தலைக்கு ஊற்றி, அத்தர் பஞ்சைக் காதில் செருகி அனுப்புவது அவர்தான். "நீங்க வரலையா?" என்று கேட்டால், "எனக்கும் அவருக்கும் ஒரு பிணக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்பார். என்ன பிணக்கென்று கடைசிவரைக்கும் சொல்லவில்லை. அம்மா ஐவேளையும் விடாதவர். ரம்ஜான் மாதம் ஸஹருக்கு, நோன்புக்கு முந்தைய விடிகாலைச் சாப்பாட்டுக்கு, அம்மாவை எழுப்ப அலாரம் வைத்துப் படுப்பது அத்தா. நோன்பு வைக்காத மனுஷன் மூன்றரைக்கு எழுந்து, பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டு தூங்குவார். எங்கள் வீட்டில் மதச்சார்பின்மை என்றால் அந்தப் பால் சட்டிதான்.

2015 ஐப்பசி, அடைமழை. வியாழக்கிழமை ராத்திரி மௌத்தாகிவிட்டார். விடிந்ததும் நானும் மச்சானும் மையத்தைத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டி கேட்டுப் பள்ளிவாசல் ஜமாஅத் ஆபீஸுக்குப் போனோம். நிர்வாகம் அப்போதுதான் மாறியிருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்த செயலாளர், "பன்னிரண்டு வருசச் சந்தா நிக்குது" என்றார். மாதம் பத்து ரூபாய் கணக்கில் 1,440 ரூபாய். நான் சட்டைப் பையில் கையை விட்டேன்.

"அது இல்ல தம்பி. அவர் தொழுது இந்த மஹல்லால யாரும் பாத்ததில்ல. மேடை போட்டு மார்க்கத்தை எதிர்த்துப் பேசுனவரு. நாங்க கடைசித் தொழுகை தொழ வச்சா நாளைக்கு நாலு பேரு கேப்பான்ல?"

மச்சான் கத்த ஆரம்பித்துவிட்டார். ஹனஃபி மத்ஹபு என்ற சட்டப் பிரிவின்படி சோம்பலால் தொழாதவன் பாவிதான், மார்க்கத்தைவிட்டு வெளியே போனவன் இல்லை என்று அவருக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். "சோம்பல்னா சரி. இவரு சோம்பலாலயா தொழல?" என்று கேட்டார் செயலாளர். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அத்தா சோம்பேறி இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

வீட்டுக்குத் திரும்பினால் அங்கே வேறு கதை. சங்கத்துத் தோழர்கள் வாசலில் நிற்கிறார்கள். விஷயம் அவர்கள் காதுக்கும் வந்திருந்தது. "தோழரைத் தத்தனேரிக்குக் கொண்டுபோயிருவோம். எல்லாம் நாங்க பாத்துக்கறோம்." அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் 'எரிப்பது' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்தப் பக்கம் 'இவர் எங்க ஆள் இல்லை', அந்தப் பக்கம் 'இவர் எங்க ஆள்'. நடுவில், மூக்கில் பஞ்சு வைத்துப் படுத்திருக்கிறார் அத்தா.

மறுபடி ஆபீஸுக்குப் போனபோது பாங்கு சொல்லும் மோதினார், ஒளு செய்யும் ஹவுள் தொட்டியிலிருந்து ஈரக்காலோடு வந்தார். இராமநாதபுரம் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டிய வயது. அவருக்குச் சம்பளம் என்று கொடுப்பது டீச்செலவுக்குக் காணாது. இந்த ஆபீஸில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"நம்ம நபி ரசூலுல்லாகிட்ட ஒரு மையத்து வந்துச்சு. கடன் இருக்கான்னு கேட்டாங்க. மூணு தீனார் இருக்குன்னாங்க. அப்ப நீங்களே தொழுதுக்கங்கன்னு ஒதுங்கிட்டாங்க. அங்க இருந்த அபூ கதாதா என்ன சொன்னாரு? அந்தக் கடன் என் பொறுப்புன்னாரு. அதுக்கப்புறம் ரசூலுல்லா தொழ வச்சாங்க. இந்த ஆயிரத்து நானூத்தி நாப்பது என் பொறுப்பு. எழுதிக்கங்க."

"பாக்கியப் பத்தி இல்ல மோதினாரே..."

"தொழுகைப் பாக்கி அவருக்கும் படைச்ச ரப்புக்கும் உள்ள கணக்கு. அந்த நோட்டு உங்ககிட்ட இல்லையே. உங்ககிட்ட இருக்கற நோட்டுல சந்தாதான இருக்கு?"

யாரும் பேசவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. செயலாளர் பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி, கடைசியில் சந்தூக்கு ரூம் சாவியை மேஜைமேல் வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மையவாடியில் அடக்கம். தோழர்கள் மையவாடி கேட்டுக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மோதினார்தான் போய்க் கூப்பிட்டு வந்தார். ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் முஷ்டியை உயர்த்திவிட்டுச் சட்டென்று இறக்கிக்கொண்டார்.

அந்தச் செயலாளரை வில்லனாக எழுத எனக்கு மனசு வரவில்லை. அம்மாவின் ஆபரேஷனுக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏற்பாடு பண்ணியது அவருடைய பையன்கள்தான். அன்றைக்கு யாரும் யாருடைய தொழுகையையும் விசாரிக்கவில்லை.

நெல்பேட்டைப் பேத்தி

அண்ணே, படிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

எங்க வீட்டுச் சண்டை வெளியாளோட இல்ல, தம்பியோட. எங்க நன்னி (பாட்டி) வியாழக்கிழமை தவறாம கோரிப்பாளையம் தர்காவுக்குப் போறவங்க. பொட்டலம் சர்க்கரை, நாலு ஊதுபத்தி, அங்க உக்காந்து அரைமணி நேரம் மனசுல உள்ளதக் கொட்டிட்டு வந்தா அந்த வாரம் ஓடும். தம்பி காலேஜ் போனப்புறம், தர்கா வழிபாடு கூடாதுங்கற தவ்ஹீத்காரங்க கூட்டத்துக்குப் போக ஆரம்பிச்சான். நல்லதும் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். வரதட்சணை வாங்க மாட்டேன்னு நின்னான், பொண்ணுக்கு மஹர் கொடுத்துத்தான் கல்யாணம் பண்ணினான். எங்க சொந்தத்துல அப்படிப் பண்ணின முதல் ஆம்பள அவன்தான். ஆனா அதே வாயால ஒரு நாள் நன்னியப் பாத்து "நீங்க பண்றது ஷிர்க், அல்லாவுக்கு இணை வைக்கறது, இப்படியே மௌத்தானா நரகம்"னு சொன்னான். அவனத் தூக்கி வளத்த கை அது.

நன்னி சண்டை போடல. அதுக்கப்புறம் சர்க்கரைப் பொட்டலத்த அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சு, கடைக்குப் போற மாதிரி தர்காவுக்குப் போவாங்க. எழுபத்தாறு வயசுல, திருட்டுத்தனமா.

நன்னி மௌத்தானப்புறம் நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதக் கூடாதுன்னு தம்பி நின்னுட்டான். பெரியவங்க பாதிப் பேர் கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டாங்க. டின்னைக் கழுவறப்ப அடியில பொட்டலம் ரெண்டு கெடந்துச்சு. அதை நான் எடுத்துட்டுப் போகல. அவன்தான் எடுத்தான். எங்க கொண்டு போனான்னு நாங்க கேக்கல, அவனும் சொல்லல.

இன்னொண்ணு. நீங்க எழுதினதுல உங்க அம்மா சுவரோட நின்னுட்டாங்க பாருங்க. ஆபீஸுக்குள்ள பேசினது எல்லாம் ஆம்பளைங்க. எங்க பெரியம்மா மக தலாக் பஞ்சாயத்துலயும் அதுதான். அவ வாழ்க்கைய அவளுக்குப் பதிலா மாமு பேசினாரு, அவ வெளியில ஆட்டோல உக்காந்திருந்தா. புதுக்கோட்டையில ஷரீஃபா கானம் பொம்பளைங்களுக்குன்னு தனி ஜமாஅத் ஆரம்பிச்சப்ப எங்க தெரு ஆம்பளைங்க அதக் கேலி பண்ணினது எனக்கு ஞாபகம் இருக்கு. 2017 ஜனவரியில ஹைகோர்ட், காஜி கொடுக்கற தலாக் சர்டிபிகேட் வெறும் அபிப்பிராயம்தான்னு சொன்னப்பதான் அந்த அக்கா கையில இருந்த தலாக் காகிதத்த மறுபடி எடுத்துப் படிச்சா.

திருப்புவனத்துக்காரன்

நான் முஸ்லிம் இல்லை. இதில் எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் முதுவன்திடல் என்று ஓர் ஊர். மொஹரத்துக்குப் பூக்குழி இறங்குவார்கள். இறங்குகிறவர்கள் இந்துக்கள். பாத்திமா நாச்சியார் பள்ளிவாசல் என்று ஒரு இடம் இருக்கிறது, அதுதான் அவர்களுக்குக் கோயில். விரதம் இருந்து, ராத்திரி கழிந்து விடியுமுன் தீ மிதிப்பு. பெண்கள் தலையில் ஈரத்துணியைப் போர்த்தி உட்கார்ந்திருப்பார்கள், தணலை அள்ளி மேலே போடுவார்கள். பார்த்தால் வயிறு கலங்கும்.

மதுரையில் என்னோடு வேலை பார்த்த நண்பனை ஒரு வருசம் கூட்டிப்போனேன். ஐந்து வேளை தொழுகிற பையன். பஸ்ஸிலேயே "இதுக்கும் இஸ்லாத்துக்கும் சம்பந்தமே இல்லடா" என்று ஆரம்பித்துவிட்டான். நானும் விடவில்லை, "சம்பந்தம் இல்லாதவங்களுக்கே இவ்வளவு பாசம் இருக்கே" என்றேன். சண்டையாகிவிட்டது. தணல் போடும்போது கும்பலில் ஒரு கிழவி தடுமாறினாள். என்னைவிட முன்னால் ஓடியது அவன்தான். அவளைக் கைத்தாங்கலாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். திரும்பி வரும்போது கேட்டேன், "இப்ப என்ன சொல்ற?" "இப்பவும் ஷிர்க்தான்" என்றான். அப்புறம், "அந்தப் பாட்டி பேரு என்னன்னு கேட்டியா?" என்றான்.

அவன் மாறவில்லை. நானும்தான். இன்றைக்கும் நண்பர்கள்.

ஒதுங்கி நிற்பவன்

எல்லாம் உருக்கமாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இதை எல்லாம் எழுத இதுவா நேரம்?

2025 பிப்ரவரியில், தர்காவும் கோயிலும் இருக்கும் மலை யாருக்கு என்ற சண்டையில், திருப்பரங்குன்றத்துக்குத் தடையுத்தரவு போட்ட நாட்களில் நான் ஊரில்தான் இருந்தேன். பள்ளிவாசல், நெல்லித்தோப்பு, அதற்குப் போகும் படிக்கட்டு இவை தர்கா தரப்புக்கு, மலையில் மற்றது கோயிலுக்கு என்று 1931-லேயே, வெள்ளைக்காரர் காலத்து மேல்முறையீட்டு நீதிமன்றமான பிரிவி கவுன்சில் சொல்லி முடித்த விஷயம். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த என்னிடம், எங்கிருந்தோ வந்தவன் 'உனக்கு இங்கே என்ன வேலை' என்கிறான். போன வருசம் வீடு பார்க்கப் போனேன். போனில் பேசும்வரை எல்லாம் சரி. பேரைச் சொன்னதும் "சொந்தக்காரங்க வராங்க சார்." ஆறு வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

வெளியே இப்படி இருக்கும்போது வீட்டுக்குள்ளிருக்கும் அழுக்குத் துணியை எடுத்து வாசலில் காயப்போடுவது யாருக்கு வசதி? நீங்கள் எழுதியதைப் பாதி வெட்டி எவனாவது பரப்புவான். 'பாருங்கள், இவர்கள் செத்தவனுக்கே குழி தர மாட்டார்கள்' என்பான். உங்கள் மோதினாரை வெட்டிவிடுவான், செயலாளரை மட்டும் வைத்துக்கொள்வான்.

மில்காரர் மகன்

வெட்டுவான் என்பது நிஜம். அந்தப் பயத்தில்தான் பத்து வருசம் எழுதாமல் இருந்தேன்.

1998 பிப்ரவரியில் கோவையில் குண்டு வெடித்தபின் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர் இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார். நல்ல மனிதர், நேருக்கு நேராகக் காரணம் சொல்லக் கூச்சப்பட்டு, வெள்ளையடிக்க வேண்டும் என்றார். அத்தா மில் விட்டு வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக வீடு தேடினார். கடவுள் இல்லை என்பவர், பள்ளிவாசல் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். ஆனால் பேரைக் கேட்டதும் எல்லா வாசலிலும் அவர் பாய்தான். "நான் தொழாத பாய்ங்க" என்று சொல்லியிருக்கலாம், வீடு கிடைத்திருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அம்மா திட்டியபோது, "அப்படிச் சொல்லி வாங்குனா, தொழுற பாய்க்கு வீடு தரவேணாம்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்ல" என்றார்.

1998-ல் பாய்க்கு வீடு இல்லை. 2015-ல் காபிருக்குக் குழி இல்லை. இரண்டு தடவையும் வாசலில் நின்றது ஒரே ஆள். இரண்டு வாசலிலும் அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். முதல் வாசலைப் பற்றி மட்டும் எழுதினால் பாதி அத்தாவைத்தான் எழுதியிருப்பேன்.

2017 மார்ச்சில் கோவை உக்கடத்தில் ஃபாரூக்கைக் கொன்றார்கள். திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர். கடவுள் இல்லை என்று எழுதியதற்கு. கைதானவர்கள் முஸ்லிம்கள். அவருடைய தகப்பனார், மகன் இருந்த இயக்கத்தில் தானும் சேரப்போவதாகச் சொன்னார் என்று செய்தி வந்தது. அதைப் படித்துக்காட்டியபோது அம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். "நல்லவேளை, உங்கத்தா முன்னாடியே போய்ட்டாரு" என்றார். ஐவேளை தொழுகிற ஒரு மனுஷி தன் புருஷனின் சாவுக்கு அப்படி ஓர் ஆறுதலைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதை எப்போது எழுதலாம், சொல்லுங்கள். தேதி குறித்துக் கொடுத்தால் அன்றைக்கு எழுதுகிறேன்.

கோபம் இல்லை. உங்கள் ஆறு வீட்டுக் கதையையும் இதே இடத்தில் முழுசாக எழுதுங்கள்.

ஒதுங்கி நிற்பவன்

எழுதுகிறேன். பாதியோடு இன்னும் உடன்பாடு இல்லை. பால் சட்டி மட்டும் மனசைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நெல்பேட்டைப் பேத்தி

அண்ணே, அந்த மோதினார் 1,440 கட்டினாரா?

மில்காரர் மகன்

கட்டினார் தங்கச்சி. மூன்றாம் நாள் கொண்டுபோய்ப் பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "பொறுப்பேத்துக்கிட்டேன்னு சபையில சொல்லிட்டேன், இப்ப உங்ககிட்ட வாங்குனா அது வேற கணக்காயிரும்" என்றார். மாதம் நூறு நூறாகக் கட்டியிருக்கிறார், ஒரு வருசத்துக்குமேல். நோட்டில் அவர் கையெழுத்திலேயே வரவு வைத்திருப்பதைப் பின்னால் பார்த்தேன். கடைசித் தவணை நாற்பது ரூபாய்.

அவர் இப்போது ஊரோடு போய்விட்டார், கண் சரியில்லை. சந்தா வசூலுக்கு வேறு பையன் வருகிறான். நானும் அத்தா மாதிரிதான், பள்ளிப்பக்கம் போவது குறைவு. இப்போது மாதம் ஐம்பது ரூபாய். ஒரு மாதமும் பாக்கி வைப்பதில்லை. போன மாதம் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஜும்ஆவுக்காச்சும் வரலாம்லண்ணே" என்றான். பார்ப்போம் என்றேன். டீ குடித்துவிட்டுப் போனான்.