போர்முனைக்குத் தனியாகப் போகும் பத்திரிகையாளர் கடத்தப்பட்டால்: வீட்டில் என்ன விட்டுச்செல்ல வேண்டும்?

தாழைமடல்:
அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபோலி பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2012 நவம்பர் 22 அன்று சிரியாவின் பின்னிஷ் ஊர் இன்டர்நெட் மையத்திலிருந்து துருக்கி எல்லைக்குக் கிளம்பியவர் வழியில் பிடிபட்டார். 2014 ஆகஸ்டில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பு அவரைக் கொன்றது. அதே ஆட்களிடம் சிக்கியிருந்த ஸ்பெயின், பிரான்ஸ் பத்திரிகையாளர்கள் அந்த ஆண்டு மார்ச், ஏப்ரலிலேயே வீடு திரும்பிவிட்டார்கள். கடத்தியவர்களுக்குப் பணம் தருவதா இல்லையா என்ற அரசுகளின் கொள்கை மட்டும்தான் காரணமா? நிரந்தர வேலை இல்லாமல் கட்டுரைக்கு இவ்வளவு என்று எழுதுகிற ஒருவர் கிளம்பும் முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்? இன்சூரன்ஸ் போதுமா? செய்தியைக் குடும்பம் வெளியே சொல்லலாமா?

ஒற்றைப்பனை:
கொள்கை பெரிய காரணம், முழுக் காரணம் இல்லை. டென்மார்க் அரசும் பணம் தருவதில்லை. அந்நாட்டுப் புகைப்படக்காரர் டேனியல் ரையின் குடும்பம் தானே பணம் திரட்டி 2014 ஜூனில் அவரை மீட்டது. ஃபோலி குடும்பத்திடமோ, பணம் கொடுத்தால் வழக்கு வரலாம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். குடும்பங்கள் மீது வழக்குப் போடமாட்டோம் என்று அமெரிக்க அரசு சொன்னது 2015 ஜூனில்தான். எஃப்பிஐ-யில் பணயக்கைதி மீட்புக்கென்று தனிப்பிரிவு வந்ததும் அப்போதுதான். இதெல்லாம் முன்பே இருந்திருக்க வேண்டும். ஆனால் ஃபோலிக்குக் கேட்ட தொகை 10 கோடி யூரோ என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தயாரிப்பில் முதலாவது, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று சோதிக்கும் கேள்விகள். நான்கைந்து எழுதி, உறையில் ஒட்டி, இருவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு கேள்வியை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், பதில் கடத்தியவர்களுக்கும் தெரிந்துவிடும் அல்லவா? அம்மா பெயர், படித்த பள்ளி எல்லாம் செல்லாது, இணையத்தில் கிடைத்துவிடும். மதம், அரசியல், ராணுவம் பக்கம் போகவே கூடாது. அடி வாங்கித் தூக்கமில்லாமல் இருப்பவருக்கும் சட்டென்று நினைவு வர வேண்டும்: பாட்டி வீட்டு நாய்க்கு எந்தக் கால் ஊனம் என்பது மாதிரி. 2013 இறுதியில் ஃபோலி குடும்பம் அனுப்பிய கேள்விகளுக்குச் சரியான பதில் வந்ததால்தான், மின்னஞ்சல் அனுப்பியவர்களிடம் அவர் உண்மையிலேயே இருக்கிறார் என்று உறுதியானது.

அடுத்தது தொடர்பு அட்டவணை. அலுவலகத்தில் யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்பதால் ஃப்ரீலான்ஸ் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். ராத்திரி ஒரு மெசேஜ் போதாது. கிளம்பும்போது, போய்ச் சேர்ந்ததும், திரும்பியதும் என்று மூன்று. ஒரு மணி நேரம் தாண்டினால் அவருக்கு ஃபோன். மூன்று மணி நேரம் என்றால் டிரைவர், ஃபிக்ஸர் (அங்கே உதவும் உள்ளூர் ஆள்), ஹோட்டல். ஆறு மணி நேரம் என்றால் எடிட்டரும் தூதரகமும். இதை எழுதி வைக்காவிட்டால், "சிக்னல் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு நாள் போய்விடும்.

கரையோரன்:
காப்புறுதி (இன்சூரன்ஸ்) பற்றி மட்டும் சொல்கிறேன். போர்ப்பிரதேசங்களுக்கு எடுக்கும் வழமையான காப்புறுதி காயம், மரணம், மருத்துவத்துக்காக வெளியேற்றுவது ஆகியவற்றோடு நின்றுவிடும். கடத்தல் காப்புறுதி வேறு. அதிலும் கடத்தியவர்கள் கேட்கும் கப்பப் பணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும், பிறகே அவர்கள் ஈடுசெய்வார்கள். உண்மையான பயன், பேச்சுவார்த்தை தெரிந்த ஆலோசகரின் செலவை அவர்கள் ஏற்பதுதான். இப்படியொரு காப்புறுதி இருப்பதை வெளியில் சொன்னால் அது செல்லாமல் போகலாம். பயங்கரவாத அமைப்புக்குப் போன கப்பத்தைக் காப்புறுதி நிறுவனம் ஈடுசெய்வது பிரித்தானியாவில் 2015 முதல் குற்றம். ஆகவே ஐஎஸ் போன்றவர்களிடம் சிக்கினால் அந்தக் கதவும் மூடித்தான் இருக்கும்.

இதனால் ஆசிரியபீடத்திடம் எழுத்தில் வாங்குங்கள்: காயப்பட்டால் யார் செலவு, காணாமற்போனால் யார் பொறுப்பு என்று. "கட்டுரை வந்தால் பார்க்கிறோம்" என்பவர்களை நம்பி ஒரு சுயாதீன ஊடகவியலாளர் எல்லை தாண்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பயிற்சிக்கு, சுயாதீன ஊடகவியலாளர்களுக்கான ரோரி பெக் அறக்கட்டளை உதவும். குண்டு துளைக்காத அங்கியும் தலைக்கவசமும் எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பிடம் இரவலாகக் கிடைக்கும். அற்றோர்னித் தத்துவமும் (உங்களுக்குப் பதிலாக வீட்டார் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் வங்கிக் கணக்கைக்கூட வீட்டார் தொட முடியாது.

நடுச்சாமம்:
வீட்டில் பேசுவது பற்றி. ஒரே ஃபோன், ஒரே ஆள். பேசுபவர் கையில் முடிவு இருக்கக்கூடாது. "கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல இடம் வேண்டும். அழைப்பைப் பதிவு செய்யுங்கள், தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே நோட்டில் ஏறட்டும். கேட்ட தொகைக்கு உடனே ஒப்புக்கொண்டால் அடுத்த அழைப்பில் ஏறும். நீங்கள் கூட்டிக் கொடுக்கும் தொகை முறைக்கு முறை குறைய வேண்டும், 10 ஆயிரம், பிறகு 4, பிறகு ஒன்றரை. பணம் வற்றுகிறது என்று அந்த எண்களே சொல்லிவிடும். இடையில் தரகர்கள் வருவார்கள். சோதனைக் கேள்விக்குப் பதில் கொண்டுவராதவருக்கு வழிச்செலவுகூடத் தர வேண்டாம்.

கனடாப் பத்திரிகையாளர் அமாண்டா லிண்ட்ஹவுட்டும் ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் நைஜல் பிரென்னனும் 2008 ஆகஸ்டில் சோமாலியாவில் பிடிபட்டு 460 நாள் கழித்து வந்தார்கள். கடைசியில் இரு குடும்பங்களும் பணம் திரட்டித் தனியார் பேச்சுவார்த்தையாளரை அமர்த்த வேண்டியிருந்தது. நீண்டகாலம் தாங்கும்படி குடும்பத்தில் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வீடு திரும்பும்வரை செய்தி வெளியே போகக்கூடாது, விலை ஏறும்.

ஒற்றைப்பனை:
கடைசி வரியை அப்படியே ஏற்க முடியவில்லை. பிடித்தது யார் என்று தெரியும்வரை மௌனம் சரி. பணத்துக்காகப் பிடித்த கும்பல் என்றால் மௌனம் தொடரட்டும். ஒரு அரசின் கையில் இருக்கிறார் என்று தெரிந்தால் மௌனம் அந்த அரசுக்குத்தான் வசதி. 2012-இல் சிரியாவில் காணாமல் போன அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆஸ்டின் டைஸின் பெற்றோர் பல ஆண்டுகளாக வெளிப்படையாகப் பேசியது இதனால்தான். ஃபோலி குடும்பமும் ஆறு வாரம் பொறுத்து, 2013 ஜனவரியில் பேசியது.

தாழைமடல்:
ஃபோன், லேப்டாப்?

நடுச்சாமம்:
பழையதை எடுத்துப்போகக் கூடாது. ஃபோலியின் லேப்டாப்பில் ஆப்கானிஸ்தானில் எடுத்த அமெரிக்கப் படையினர் படங்கள் இருந்தன, அவை அவருக்கு எதிராகத் திரும்பின. அதற்காக வெறும் ஃபோனும் கூடாது, சந்தேகம் வரும். குடும்பப் படம் நாலு இருக்கட்டும். தொடர்பு அறுந்ததும் கடவுச்சொற்களை மாற்ற வீட்டில் ஒருவரை நியமியுங்கள். இன்னொன்று: ஃபோலியோடு இருந்த மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டார்கள். பல நேரம் சாட்சி அந்த ஒருவர்தான். அவருடைய வீட்டு எண்ணும் அதே தாளில் இருக்க வேண்டும்.